புதுவை எல்லையும் மலிவுப் பண்டமும்

புகார்த் துறைமுகத்தில் சுங்கங் கொள்வோர் பண்டப் பொதிகளின் மீது புலிப்பொறி இட்டுக் காத்தமையைப் பட்டினப்பாலை விரித்துரைக்கின்றது. வள்ளுவர் வேந்தன் பொருள்களுள் உல்கு பொருளையும் ஒன்றாக எண்ணுகின்றார். முதற் குலோத்துங்கனோ சுங்கம் தவிர்த்தவன் என்னும் பெயரால் இன்றும் நினைக்கப்படுகின்றான். சுங்கம் விதித்த மன்னர் பலராகவும், அதனைத் தவிர்த்தான் ஒருவனுக்கே அது பற்றிய சிறப்புப் பெயர் நிலைத்தமை கருதத்தக்கது. எனினும் ஒரு நாடு சுங்கத்தைத் தவிர்க்க, அதன் அண்டை நாடு தவிர்க்காதிருப்பின் யாது நிகழும் என்னும் வினாவைப் பழைய நூல்கள் எழுப்பவில்லை. அவ்வினாவிற்கு விடை காணப் புதுச்சேரியை நோக்குதல் வேண்டும்.

புதுச்சேரிப் பகுதி ஒரு தொடர்ந்த நிலப்பரப்பன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் போர்களும் கொடைகளும் உடன்படிக்கைகளும் அதனைப் பல துண்டுகளாக விட்டுச் சென்றன. துண்டுகளுக்கு இடையே பழைய தென்னார்க்காட்டு ஊர்கள் புகுந்து கிடக்கின்றன. ஊர் ஒரு பக்கமும் வயல் மறு பக்கமுமாக வாழ்ந்த உழவர் பலர். பெண் கொடுப்பதும் எடுப்பதும், திருவிழாவிற்குச் செல்வதும், சந்தைக்குச் செல்வதும் எல்லையைப் பொருட்படுத்தாமலே நிகழ்ந்தன. இத்தகைய எல்லையில் ஒரு பண்டத்தின் விலை இருபுறமும் வேறுபடுமாயின், அப்பண்டம் மலிவான புறத்தினின்று விலை மிகுந்த புறத்திற்குத் தானே நடந்து செல்லும். அதனைத் தலையில் வைத்துச் செல்பவரை ஒருபுறத்தார் வாடிக்கையாளர் என்பர். மறுபுறத்தார் கள்ளக் கடத்தலார் என்பர்.

முதலில் அவ்வாறு நடந்த பண்டம் உப்பு. 1814ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கையால் பிரஞ்சுக்காரர் தம் குடியிருப்புகளைத் திரும்பப் பெற்றனர். ஆங்கிலக் கும்பினியாருக்கு உப்பு வாணிகம் தனியுரிமை. அதனின்று வரும் வருவாயோ பெரிது. புதுவை உப்பளங்களின் மலிவான உப்பு எல்லை கடக்குமாயின் அவ்வருவாய் கரையும். ஆகவே 1815ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால், ஆண்டுதோறும் நான்கு இலட்சம் சிக்கா ரூபாய் பிரஞ்சு அரசுக்குத் தர ஆங்கிலேயர் இசைந்தனர். அதுவும் போதாமை கண்டு, 1818இல் உப்பு விளைவித்தலையே நிறுத்துவித்து, உப்பள உடைமையாளர்க்கு ஈடாக ஆண்டுக்கு 4,000 நட்சத்திர வராகன் தரும் மற்றோர் ஒப்பந்தம் எழுந்தது. கடற்கரையில் வாழும் மக்கள் தம் கண்ணெதிரே கிடக்கும் உவர்நீரைக் காய்ச்சாது, அயலரசின் உப்பை வாங்கி உண்ணலாயினர். ஈடு பெற்றவர் உடைமையாளரே. உப்பளத்தில் உழைத்தவர்க்கு என்ன கிடைத்தது என்பதை ஒப்பந்தம் பேசவில்லை.

இவ்வெல்லையைக் கடக்கத் தடையுற்றவை உண்பொருள்கள் மட்டுமல்ல. 1908இல் பாரதியார் புதுவை புகுந்தார். ‘இந்தியா’ இதழும் அவரைத் தொடர்ந்து அங்கிருந்து வெளிவந்தது. ஆங்கில இந்தியாவினுள் அவ்விதழ் நுழைதல் தடுக்கப்பட்டமையால் 1910இல் அது நின்றது. சாவடியில் நிற்கும் காவலனுக்கு உப்பு மூட்டையும் செய்தித்தாளும் ஒரே இனப் பொருள்களே. நாம் மாணவராயிருந்தபோது, புதுவை நூலகத்தினின்று கடலூர் வழியே திரும்புகையில், பேருந்தில் ஏறிய காவலர் ஒருவர் எம் நூற்கட்டை அவிழ்த்துப் பார்த்து, உள்ளே புட்டி யாதுமின்மை கண்டு ஏமாற்றத்தோடு கட்டித் தந்தார்.

1941இல் ஆங்கில இந்திய அரசும் பிரஞ்சிந்திய அரசும் சுங்க ஒன்றியம் கண்டன. இருபுறமும் ஒரே சுங்கவரி என்றானபின், எல்லை தாண்டிப் பொருள் வாங்குதற்குரிய காரணம் பெரும்பாலும் அற்றது. விடுதலை பெற்ற இந்தியா 1949இல் அவ்வொன்றியத்தை முடித்துக்கொண்டது. புதுவை மீண்டும் தடையற்ற துறைமுகமாயிற்று. இந்தியாவோ அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதியை இறுக்கிய காலம் அது. எனவே பொன்னும் வைரமும் அயல்நாட்டு ஆடம்பரப் பொருள்களும் புதுவை வழியே பெருகின. எதிர்த்திசையில் உணவுப் பொருள் புதுவைக்குச் செல்வது இந்திய அரசின் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டது. சுங்கச் சாவடிகள் எழுந்தன, சோதனைகள் மிகுந்தன. பெருவணிகர் சிலர் செல்வம் குவித்தனர். வயலுக்குச் சென்ற உழவனோ மடி சோதிக்கப்பட்டான். 1954 மார்ச்சு இறுதியில் நெட்டப்பாக்கம் போன்ற உட்பகுதிக் கொம்யூன்கள் இணைப்பு இயக்கத்தின் பக்கம் சென்றமைக்கு நாட்டுப்பற்றே முதற்காரணம் எனல் மரபு. அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் நான்கு புறமும் சாவடி சூழ்ந்த வாழ்வின் சலிப்பையும் உடன் வைத்து எண்ணுதல் வேண்டும். 1954 நவம்பர் முதல் நாளில் ஆட்சி நடைமுறையில் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்டு 16ஆம் நாள் சட்டமுறையிலும் முழுமையுற்றது.

சுங்க எல்லை நீங்கியது. விலை எல்லை நீங்கவில்லை. 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் சென்னை மாகாணம் முழுதும் பரவியிருந்தது. புதுவையில் மதுவிலக்கு இல்லை. 1971இல் தமிழ்நாடு மதுவிலக்கைத் தளர்த்தும் வரை, குடிக்க விழைந்தோர்க்குப் புதுவையே அண்மைத் திசையாயிற்று. தளர்த்திய பின்னரும் விலைமலிவு அவர்களை இழுத்தது. கடலூர்ச் சாலையில் கன்னியகோயில், முள்ளோடை ஆகிய எல்லையூர்களில் மதுக்கடைகள் நெருங்கி நிற்றல் இதன் பயனே. அவ்வூர்ப் பெண்டிர்க்கு மாலைப் பொழுதில் சாலையில் நடத்தல் இடராயிற்று. தமிழ்நாட்டு அரசு வருவாய் இழப்பை எண்ணிச் சாவடி வைத்தது. புதுவை அரசு ஆயத்தீர்வையை எண்ணிக் கடைகளைக் காத்தது. ‘பாண்டிக்குப் போய்வருதல்’ என்னும் தொடர் தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கில் குடித்து வருதலைக் குறிக்கும் குறிப்புமொழியாகத் திரிந்தது. ஆனந்தரங்கர் நாட்குறிப்பு எழுதிய ஊர், பாரதிதாசன் பிறந்த ஊர், ஒரு புட்டியின் பெயராகச் சுருங்கியமை பற்றிப் புதுவையார் கொள்ளும் வருத்தம் நியாயமானது.

விற்பனை வரியிலும் இதே கதை. 1965இல் புதுவைச் சட்டமன்றம் தனி வரிச்சட்டம் வகுக்காது, சென்னையின் 1959ஆம் ஆண்டுச் சட்டத்தையே, நடைமுறைக்கு வரும் நாள்வரை அங்கு நிகழும் திருத்தங்களோடு, ஏற்றுக்கொண்டது. இது சட்டமியற்றும் பொறுப்பைப் பிறர்க்கு ஒப்புவித்தலாகும் என உச்ச நீதிமன்றம் 1967இல் அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. அண்டையாரைப் போலவே வரி விதித்தால் தன்னாட்சி என்பது யாது? வேறாக விதித்தால் எல்லையில் அமைதி யாது? இவ்விரு வினாக்களுக்கு இடையே அச்சிறு பகுதி இன்றும் நிற்கின்றது. பிற்காலத்தில் புதுவை பல பொருள்களுக்குக் குறைந்த வரியையே தெரிந்தது. வீட்டுப் பொருள் வாங்கவும் ஊர்தி பதிவு செய்யவும் வெளியூரார் வந்தனர். ஊர்தி வரியைக் குறைக்கவேண்டிப் புதுவையில் பொய்முகவரி காட்டியோர் பற்றிய வழக்குகள் 2017இல் கேரளம் வரை பேசப்பட்டன.

2017 சூலை முதல் நாளில் வந்த சரக்கு சேவை வரி, 1941ஆம் ஆண்டு ஒன்றியத்தை ஒத்தது. பெரும்பாலான பண்டங்களுக்கு எல்லையை அது அழித்தது. ஆனால் குடிக்கும் மதுவும், பெட்ரோல், டீசல் முதலியனவும் அவ்வரிக்குப் புறம்பே விடப்பட்டன. ஆகவே எல்லை இப்போது மதுக்கடையிலும் எண்ணெய்க் கடையிலும் தங்கியுள்ளது. 2020இல் பெருந்தொற்றின்போது, வெளியூரார் கூட்டத்தைத் தடுக்கவேண்டித் தமிழ்நாட்டு விலையை ஒக்குமாறு மதுவின்மீது தனிவரி ஒன்றைப் புதுவை விதித்தது. விற்பனை தளர்ந்ததென வணிகர் முறையிட்டனர். மறு ஆண்டில் அவ்வரி நீக்கப்பட்டது. முள்ளோடைக்கு வண்டிகள் மீண்டும் வரத் தொடங்கின.