லாஸ் வேகஸ்: அறை யாருக்கு?

லாஸ் வேகஸுக்குப் போக நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது, எங்கே தங்குவது என்றுதான். ஸ்ட்ரிப் எனப்படும் அந்த நீண்ட சாலையில் வரிசையாக நிற்கும் பிரம்மாண்ட ஹோட்டல்களிலா, பழைய நகரத்தின் ஃப்ரீமான்ட் தெருவிலா? அடுத்து, எங்கே சூதாடுவது? கேட்பதற்கு இரண்டு கேள்விகள் போலத் தோன்றும். லாஸ் வேகஸில் இரண்டும் ஒன்றுதான். வந்தவர் எங்கே படுக்கிறாரோ அங்கேயேதான் ஆடுவார் என்ற நம்பிக்கையில்தான் அந்த ஊர் ஹோட்டல்களே கட்டப்பட்டன.

ஆனால் 1960 வரை ஒரு சாராருக்கு இந்தக் கேள்வியே இருக்கவில்லை. பையில் எவ்வளவு பணம் இருந்தாலும் சரி, அன்று இரவு அதே ஹோட்டலின் மேடையில் பாடப்போகிறவராகவே இருந்தாலும் சரி, கறுப்பினத்தவர் என்றால் ஸ்ட்ரிப்பில் அறை கிடையாது. சூதாட்ட மேசையில் உட்காரவும் முடியாது.

இந்தக் கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து பார்க்கலாம்.

லாஸ் வேகஸ் ரயிலால் பிறந்த ஊர். 1905 மே 15 அன்று ரயில்வே கம்பெனி பாலைவனத்தில் மனைகளை ஏலம் விட்டது. அதுதான் ஊரின் பிறந்தநாள். இன்றைக்குச் சூதாட்டத்தின் தலைநகராக இருக்கும் நெவாடா மாநிலம் 1910-ல் சூதாட்டத்தைத் தடை செய்திருந்தது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். பொருளாதார மந்தம் கழுத்தை நெரித்தபோது 1931 மார்ச்சில் அந்தத் தடை நீங்கியது. அதே ஆண்டில் பக்கத்தில் ஹூவர் அணை கட்டும் வேலையும் தொடங்கியது. அணைத் தொழிலாளர்களுக்காக அரசு கட்டிய போல்டர் சிட்டியில் குடிக்கும் சூதாட்டத்துக்கும் இடமில்லை. சம்பள நாளன்று அத்தனை பேரும் எங்கே போயிருப்பார்கள் என்று சொல்லவா வேண்டும்? நேரே ஃப்ரீமான்ட் தெருவுக்குத்தான்.

அப்போதெல்லாம் ஆடுவது ஓரிடம், படுப்பது வேறிடம். இரண்டையும் பெரிய அளவில் ஒரே கூரைக்குள் கொண்டுவந்தவர் தாமஸ் ஹல் என்ற ஹோட்டல்காரர். 1941 ஏப்ரலில் இவர் எல் ராஞ்சோ வேகஸ் என்ற விடுதியைத் திறந்தார். ஊருக்குள் இல்லை; லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வரும் 91-ம் எண் நெடுஞ்சாலையில், நகர எல்லையைத் தாண்டி. நிலம் மலிவு, நகராட்சி வரியும் இல்லை. பாலைவன வெயிலில் மணிக்கணக்காக வண்டி ஓட்டி வருபவர் கண்ணில் முதலில் படும்படி சாலையோரமாகவே நீச்சல் குளம். உள்ளே அறை, சாப்பாடு, பாட்டுக் கச்சேரி, சூதாட்டக் கூடம் எல்லாம் இருந்தன. வெளியே போக எந்தக் காரணமும் இல்லாதபடி செய்துவிட்டார் மனிதர். இன்றைய ஸ்ட்ரிப் இப்படித்தான் தொடங்கியது.

(இன்னொரு வேடிக்கை. நகராட்சி இந்த ஹோட்டல்களை எல்லைக்குள் இழுத்து வரி போடப் பார்த்தபோது, 1950-ல் அந்தப் பகுதியை 'பாரடைஸ்' என்று தனி ஊராக அறிவிக்கச் செய்து தப்பித்துக்கொண்டார்கள். இன்றும் ஸ்ட்ரிப்பின் பெரும்பகுதி லாஸ் வேகஸ் நகர எல்லைக்கு வெளியேதான் இருக்கிறது. லாஸ் வேகஸில் தங்கினேன் என்று ஊருக்கு வந்து பெருமையடிக்கும் பலர் உண்மையில் அங்கே தங்கியதே இல்லை!)

அறைக்கும் ஆட்டத்துக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ள ஃபிளமிங்கோவின் திறப்பு விழாவே போதும். பில்லி வில்கர்சன் தொடங்கி, பக்ஸி சீகல் என்ற நிழலுலக ஆசாமியின் கைக்குப் போன ஹோட்டல் இது. 1946 டிசம்பர் 26 அன்று சூதாட்டக் கூடத்தைத் திறந்துவிட்டார்கள். ஆனால் அறைகள் கட்டி முடியவில்லை. வந்தவர்கள் ஆடினார்கள், சிலர் ஜெயித்தார்கள். ஜெயித்த பணத்தோடு தூங்குவதற்காக வேறு ஹோட்டல்களுக்குப் போனார்கள். போன இடத்தில் மறுபடி ஆடினார்கள். ஃபிளமிங்கோவில் ஜெயித்த பணம் பக்கத்து ஹோட்டலின் கல்லாவில் விழுந்தது. ஒரே மாதத்தில் மூடிவிட்டு, அறைகளை முடித்து, 1947 மார்ச்சில் மீண்டும் திறந்தார்கள். அந்த ஜூனில் சீகல் பெவர்லி ஹில்ஸில் சுட்டுக் கொல்லப்பட்டார் என்பது தனிக் கதை.

ஜெயித்தவரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது, மாடிக்கு அனுப்ப வேண்டும். காலையில் இறங்கி வரும்போது அதே மேசையைத் தாண்டித்தான் வர வேண்டும். இந்தப் பாடத்தை அந்த ஊர் மறக்கவே இல்லை. பெரிய தொகை வைத்து ஆடுபவருக்கு அறை இலவசம், சாப்பாடு இலவசம், கச்சேரியில் முன்வரிசை இலவசம். எல்லாம் தூண்டிலில் கோத்த புழு.

இப்படிப்பட்ட ஊரில், கையில் காசோடு வாசலுக்கு வருகிறவரைத் திருப்பி அனுப்புவார்களா? அனுப்பினார்கள். அதுவும் வருஷக்கணக்காக.

ஆரம்ப காலத்தில் லாஸ் வேகஸில் கறுப்பினத்தவர் ஊரின் நடுவிலேயே வாழ்ந்தார்கள், கடை வைத்திருந்தார்கள். 1930களிலும் 40களிலும் நிலைமை மாறியது. ரயில் பாதைக்கு மேற்கே, வெஸ்ட்சைட் என்ற பகுதிக்கு இடம் மாறினால்தான் கடை உரிமம் என்று நகராட்சி நெருக்கியது. வெஸ்ட்சைடில் ஒழுங்கான சாலை கிடையாது, கழிவுநீர்க் குழாய் கிடையாது. இரண்டாம் உலகப் போரின்போது மக்னீசியம் தொழிற்சாலை வேலைக்காக ஆர்கன்சாஸ், லூசியானா மாநிலங்களிலிருந்து வந்து குவிந்த கறுப்பினத் தொழிலாளர்களும் இங்கேதான் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். ஹோட்டல்களில் இவர்களுக்குக் கிடைத்தது துடைப்பமும் பாத்திரத் தொட்டியும். படுக்கை விரிப்பு மாற்றலாம், அந்தப் படுக்கையில் படுக்க முடியாது. 'மேற்கின் மிசிசிப்பி' என்று இந்த ஊருக்குப் பெயர் வந்தது சும்மா இல்லை.

ஹோட்டல்காரர்கள் சொன்ன சமாதானம் வியாபாரம்தான். தெற்கத்தி மாநிலங்களிலிருந்து வரும் வெள்ளைக்காரப் பணக்காரர்கள் பக்கத்து நாற்காலியில் கறுப்பினத்தவர் உட்கார்ந்தால் எழுந்து போய்விடுவார்களாம்.

மேடை மட்டும் விதிவிலக்கு. நாட் கிங் கோல், சாமி டேவிஸ் ஜூனியர், பேர்ல் பெய்லி என்று அன்றைய பெரிய கலைஞர்கள் எல்லாரும் ஸ்ட்ரிப்பில் பாடினார்கள், ஆடினார்கள். அரங்கம் நிறைந்தது. கச்சேரி முடிந்ததும் பின்வாசல் வழியாக வெளியேறி, காரில் ஏறி வெஸ்ட்சைடுக்குப் போய்த் தூங்க வேண்டும். அங்கே எஃப் தெருவில் ஹாரிசன் என்ற பெண்மணி நடத்திய விருந்தினர் வீடு இப்படிப்பட்டவர்களால்தான் பெயர் பெற்றது. கறுப்பின நட்சத்திரம் ஒருவர் குளத்தில் காலை வைத்ததற்காக மொத்தத் தண்ணீரையும் இறைத்துவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. ஆளுக்கு ஒரு பெயர், ஆளுக்கு ஒரு ஹோட்டல் சொல்வார்கள். நடந்ததோ இல்லையோ, ஊரே அதை நம்பத் தயாராக இருந்தது என்பதே போதுமான சாட்சி.

1955 மே 24 அன்று வெஸ்ட்சைடை ஒட்டி, பொனான்சா சாலையில் மூலான் ரூஜ் திறக்கப்பட்டது. எந்த நிறத்தவரும் தங்கலாம், எந்த நிறத்தவரும் ஆடலாம் என்று திறக்கப்பட்ட முதல் பெரிய ஹோட்டல் அந்த ஊரில் இதுதான். முதலாளிகளில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். குத்துச்சண்டை உலக சாம்பியனாக இருந்த ஜோ லூயிக்குச் சிறு பங்கு கொடுத்து, வாசலில் வரவேற்கும் முகமாக வைத்தார்கள். ஜூன் மாதமே அதன் நடனக் குழு 'லைஃப்' பத்திரிகையின் அட்டையில் வந்தது.

விசேஷம் என்னவென்றால் அதன் மூன்றாவது காட்சி. நள்ளிரவு தாண்டி இரண்டரை மணிக்கு! ஸ்ட்ரிப்பில் தங்கள் கச்சேரியை முடித்துக்கொண்டு நட்சத்திரங்களே பார்வையாளர்களாக இங்கே வந்தார்கள். அவர்களைப் பார்க்க ரசிகர்கள் வந்தார்கள். தூங்காத சூதாடிகளும் வந்தார்கள். ஒவ்வொரு இரவும் ஸ்ட்ரிப்பிலிருந்து மூலான் ரூஜுக்குக் கார்கள் வரிசை கட்டின. ஃபிளமிங்கோவின் முதல் மாதத்தில் நடந்தது மாதிரிதான், ஆனால் இந்த முறை பணம் எதிர்ப்பக்கமாக ஓடியது.

ஆறு மாதம் தாங்கவில்லை. அந்த ஆண்டு இறுதிக்குள் மூடப்பட்டு, திவாலும் ஆனது. ஏன் என்பதில் இன்றும் சண்டை உண்டு. ஸ்ட்ரிப் முதலாளிகள் கழுத்தைப் பிடித்தார்கள் என்பது ஒரு கட்சி. போதிய மூலதனம் இல்லை, நிர்வாகம் சரியில்லை என்பது இன்னொன்று. 1955-ல் ஒரே நேரத்தில் ரிவியரா, டூன்ஸ், ராயல் நெவாடா என்று ஹோட்டல்கள் அளவுக்கு மீறி முளைத்து, அவற்றில் சிலவும் தள்ளாடின என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சதி என்று மட்டும் சொல்லிவிட்டால் கதை சுவாரசியமாக இருக்கும், ஆனால் முழுசாக இருக்காது.

மூலான் ரூஜ் போனாலும் அது காட்டிய காட்சியை யாரும் மறக்கவில்லை. இரண்டு நிறத்தவரும் ஒரே மேசையில் ஆடியிருக்கிறார்கள், வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

1960 பிப்ரவரியில் வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் நான்கு கறுப்பின மாணவர்கள் வெள்ளையர் மட்டும் சாப்பிடும் மேசையில் உட்கார்ந்து எழ மறுத்தார்கள். போராட்டம் நாடு முழுக்கப் பரவியது. லாஸ் வேகஸில் அப்போது என்ஏஏசிபி என்ற உரிமை அமைப்பின் உள்ளூர்த் தலைவராக இருந்தவர் ஜேம்ஸ் மெக்மில்லன். தொழில் பல் மருத்துவம். அந்த ஊரின் முதல் கறுப்பினப் பல் மருத்துவர் அவர்தான். மேயர் ஓரன் கிராக்ஸனுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். குறிப்பிட்ட நாளுக்குள் ஹோட்டல்கள் எல்லாருக்கும் திறக்கப்படாவிட்டால் ஸ்ட்ரிப்பில் ஊர்வலம் நடக்கும். குறித்த நாள் மார்ச் 26, சனிக்கிழமை.

பல் மருத்துவர் சரியான நரம்பைத்தான் தொட்டார். வார இறுதி என்பது சூதாட்ட ஊருக்கு அறுவடைக் காலம். அன்று ஸ்ட்ரிப்பில் ஊர்வலம், கைகலப்பு, தொலைக்காட்சிக் கேமராக்கள் என்றால் குடும்பத்தோடு வருகிறவர் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பாரா? மெக்மில்லனுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. அவர் பின்வாங்கவில்லை. 'லாஸ் வேகஸ் சன்' பத்திரிகையின் ஹாங்க் கிரீன்ஸ்பன் நடுவில் நின்று பேசினார். கறுப்பினத்தவரை உள்ளே விட்டால் நஷ்டம் என்று இத்தனை வருஷம் கணக்குப் போட்டவர்கள், விடாவிட்டால் அதைவிடப் பெரிய நஷ்டம் என்று கணக்கை மாற்றிப் போட்டார்கள். ஊர்வலம் நடக்கவில்லை. பழைய பொலிவெல்லாம் போயிருந்த அதே மூலான் ரூஜில் கூடி உடன்பாட்டை உறுதி செய்தார்கள். அன்றிலிருந்து ஸ்ட்ரிப் ஹோட்டல்களின் முன்வாசல் திறந்தது. பழைய நகரத்தில் ஒன்றிரண்டு விடுதிகள் மட்டும் கொஞ்ச காலம் முரண்டு பிடித்தன.

அறை கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை. சீட்டுப் போடும் இடத்திலும் வரவேற்பு மேசையிலும் கறுப்பினத்தவர் உட்கார 1971-ல் நீதிமன்றம் வழியாக இன்னொரு உடன்பாடு தேவைப்பட்டது. இன்னொன்றும் நடந்தது. வேறு போக்கிடம் இல்லாததால் கூட்டம் நிறைந்திருந்த வெஸ்ட்சைடின் ஜாக்சன் தெரு விடுதிகள், கதவு திறந்ததும் ஒவ்வொன்றாகக் காலியாகின. யாரைக் குறை சொல்வது?

1966 நவம்பரில் ஒரு நள்ளிரவில் கோடீஸ்வரர் ஹோவர்ட் ஹியூஸ் ரயிலில் வந்து இறங்கி, டெசர்ட் இன் ஹோட்டலின் மேல் இரண்டு மாடிகளை மொத்தமாக எடுத்துக்கொண்டார். அவர் அறையை விட்டு வெளியே வரவில்லை, ஆடவும் இல்லை. புத்தாண்டு நெருங்கியது. பெரும் சூதாடிகளுக்கு அந்த அறைகள் வேண்டும், காலி செய்யுங்கள் என்றார் ஹோட்டலை நடத்திய மோ டாலிட்ஸ். ஆடாதவருக்கு எதற்கு அறை? ஹியூஸ் காலி செய்யவில்லை. 1967-ல் ஹோட்டலையே விலைக்கு வாங்கிவிட்டார், சுமார் 1 கோடியே 32 லட்சம் டாலருக்கு. அதன் பிறகு இன்னும் பல ஹோட்டல்களை வாங்கினார். 1970-ல் ஊரை விட்டுப் போகும்வரை அறையைத் தாண்டவில்லை. ஒரு காலத்தில் இதே சாலையில் நாட் கிங் கோலுக்கு ஒரு கட்டில் கிடைக்கவில்லை.

இன்றைக்கு எங்கே தங்குவது என்று யோசிப்பவருக்கு நிறம் கேள்வி இல்லை, பணம்தான் கேள்வி. அதிலும் பழைய தூண்டில் அப்படியேதான் இருக்கிறது. ரூலட் சக்கரத்தில் ஒரே ஒரு பூஜ்யம் இருந்தால் 100 டாலர் பந்தயத்துக்குச் சராசரியாக 2.70 டாலர் வீட்டுக்காரருக்கு. இரண்டு பூஜ்யம் என்றால் 5.26. ஸ்ட்ரிப்பின் சில பளபளப்பான ஹோட்டல்கள் மூன்று பூஜ்யச் சக்கரமும் வைத்திருக்கின்றன, அதில் 7.69. மேசையைச் சுற்றிக் கூட்டத்துக்குக் குறைவில்லை!

பழைய ஹோட்டல்களோ ஒவ்வொன்றாகப் போய்விட்டன. டூன்ஸ் 1993-ல், சாண்ட்ஸ் 1996-ல், டெசர்ட் இன் 2001-ல், ட்ராபிகானா 2024-ல் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. மூலான் ரூஜை வெடி வைக்க வேண்டியிருக்கவில்லை. 2003-ல் ஒரு தீ, 2009-ல் இன்னொரு தீ. மிச்சத்தை 2010-ல் இடித்தார்கள். தப்பியது அதன் வாசலில் இருந்த நியான் எழுத்துகள் மட்டும். நியான் அருங்காட்சியகத்தில் பத்திரமாக வைத்து, 2020-ல் மறுபடி எரியவிட்டார்கள். அந்த எழுத்துகளை வடிவமைத்தவர் பெட்டி வில்லிஸ். சுற்றுலாப் பயணிகள் எல்லாரும் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளும் 'வெல்கம் டு ஃபேபுலஸ் லாஸ் வேகஸ்' பலகையும் அவர் வரைந்ததுதான். அது நடப்பட்ட வருஷம் 1959.