பெட்ரோல் முள்ளின் தலைமுறைகள்

பழைய காரில் பெட்ரோல் முள் தப்பாகக் காட்டினால் பெரும்பாலும் முதலில் கழற்றப்படுவது டேஷ்போர்டில் இருக்கும் மீட்டர்தான். கண்ணுக்குத் தெரிவது அது ஒன்றுதானே. ஆனால் இந்தக் கருவி வளர்ந்து வந்த கதையைப் பார்த்தால், ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன் ‘இது எந்தக் காலத்து மீட்டர்?’ என்று கேட்பதே சரி என்று படுகிறது. ஒவ்வொரு தலைமுறை மீட்டரும் முந்தையதன் குறை ஒன்றைப் போக்க வந்தது. கூடவே தனக்கென்று ஒரு புதுக் கோளாறையும் அழைத்து வந்தது. எந்தக் குறைக்கு மருந்தாக வந்தது என்று தெரிந்தால், எங்கே பழுது என்பதில் பாதி தெரிந்துவிடும்.

1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி-யில் மீட்டரே கிடையாது. டேங்க் முன் சீட்டுக்கு அடியில் இருந்தது. ஓட்டுபவர் இறங்கி, சீட்டைத் தூக்கி, மூடியைத் திறந்து, மரக்குச்சியை உள்ளே விட்டு ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்ப்பார். டேங்க் உருளை வடிவம் என்பதால் குச்சியின் கோடுகள் சம இடைவெளியில் இருக்காது. நடுவில் நெருங்கியும் இரு முனைகளில் அகன்றும் இருக்கும். கடைக்காரர்கள் தங்கள் பெயரை அச்சடித்து இந்தக் குச்சிகளை விளம்பரத்துக்குக் கொடுத்ததும் உண்டு. ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் 1961 வரை வேறொரு வழியில் சமாளித்தது. எஞ்சின் திணறியதும் ஓட்டுபவர் காலடியில் இருந்த சிறு குழாயைத் திருப்பினால் ஏறக்குறைய 5 லிட்டர் ரிசர்வ் இறங்கும். சென்னை திருவொற்றியூரில் 1956 முதல் தயாரான புல்லட்டும் இதே ஏற்பாட்டில்தான் ஓடியது. ‘ரிசர்வ் விழுந்துடுச்சு’ என்று நம்மூரில் சொல்வது அந்தக் குழாயால் வந்த பேச்சு. இவற்றில் பொய் சொல்ல எதுவும் இல்லை. குழாயை மறுபடி பழைய நிலைக்குத் திருப்ப மறந்தவர் நடுரோட்டில் நிற்பாரே என்று கேட்கலாம். நிற்பார்தான். அது ஆளின் மறதி, கருவியில் பழுதில்லை. ஓடும்போதே அளவு தெரிய வேண்டும் என்ற ஆசைக்குத்தான் நாம் விலை கொடுத்தோம்.

மின்சார மீட்டர் வந்ததும் அந்த விலை தெரிந்தது. டேங்கினுள் ஒரு மிதவை. அதன் கை ஒரு மின்தடைக் கம்பிச்சுருளின் மேல் உரசி நகரும். இதைத்தான் டேங்க் யூனிட் என்கிறார்கள். பிரிட்டனின் ஸ்மித்ஸ் நிறுவனத்தின் பழைய மீட்டர்களில் இரண்டு காந்தச் சுருள்கள் முள்ளை இழுத்தன. சாவியைத் திருப்பிய நொடியில் முள் துள்ளி எழும். வளைவில் பெட்ரோல் அலைபாய்ந்தால் அதுவும் ஆடும். இந்த ஆட்டத்தை அடக்கவே, சூடேறினால் வளையும் ஈருலோகப் பட்டை வந்தது. எம்ஜிபி காரில் இந்த மாற்றம் 1964-ல் நிகழ்ந்தது. இதில் முள் நிதானமாக ஏறும், ஆடாது. ஆனால் மின்னழுத்தம் கூடினால் பட்டை கூடுதலாகச் சூடாகி முள் மிகையாகக் காட்டும். ஆகவே சராசரியாக 10 வோல்ட் தரும் ஸ்டெபிலைசர் என்ற தகரப் பெட்டி தேவைப்பட்டது. அந்தப் பெட்டிக்கு எர்த் விட்டுப்போனால் பேட்டரியின் முழு வோல்ட்டும் மீட்டருக்குப் போகும். பெட்ரோல் முள்ளும் எஞ்சின் வெப்ப முள்ளும் சேர்ந்தாற்போல் ஏற்றிக் காட்டினால், டேங்கைத் தொடவே வேண்டாம்; சந்தேகம் இந்தப் பெட்டியின் மேல்தான் விழ வேண்டும்.

மீட்டரின் காலம் தெரிய வேண்டும் என்பதற்கு இன்னும் பெரிய சான்று பட்டறைகளில் வழக்கமாகச் செய்யும் சோதனையில் இருக்கிறது. டேங்க் யூனிட்டில் இருந்து வயரைக் கழற்றி, பெட்ரோல் ஆவி இல்லாத இடத்தில், ஒரு கணம் பாடியில் தொட்டுப் பார்ப்பார்கள். ஈருலோக மீட்டரில் முள் ‘ஃபுல்’லுக்குப் போகும். பழைய காந்த மீட்டரில் அதே தொடுகைக்குக் காலி என்று காட்டும். வயரைக் கழற்றி வைத்தால் ‘ஃபுல்’. காலம் தெரியாமல் இதைச் செய்பவர் நல்ல மீட்டரைக் கெட்டது என்பார். அமெரிக்காவிலும் இதே பிளவு உண்டு: ஜெனரல் மோட்டார்ஸ் மீட்டர் எர்த் செய்தால் காலி காட்டும், ஃபோர்டு மீட்டர் நிறைவு காட்டும்.

‘இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு, புது யூனிட் வாங்கி மாட்டினால் முடிந்தது’ என்பது நியாயமான மறுப்புதான். ஆனால் வாங்கும் இடத்திலேயே வரலாறு குறுக்கே வருகிறது. பிந்தைய ஸ்மித்ஸ் யூனிட் காலியில் ஏறக்குறைய 240 ஓம், நிறைந்தால் 20 ஓம் அளவில் இருக்கும். முந்தையதில் கணக்கு தலைகீழ்: காலியில்தான் தடை குறைவு. மாற்றி மாட்டினால் பெட்ரோல் தீரத் தீர முள் ஏறும்! மேலும், பழைய யூனிட் பல சமயம் முழுக்கக் கெட்டிருப்பதில்லை. பித்தளை மிதவையில் ஊசித்துளை விழுந்து பெட்ரோல் புகுந்து மூழ்கியிருக்கும்; முள் எந்நேரமும் காலி காட்டும். மிதவையைக் கழற்றிக் காதருகே ஆட்டினால் உள்ளே சளசளக்கும். வெந்நீரில் அமுக்கினால் துளை இருக்கும் இடத்தில் குமிழ் கிளம்பும். உள்ளிருக்கும் பெட்ரோலை முழுவதும் வெளியேற்றிய பிறகே ஈயப்பற்று வைக்கலாம். மிச்சம் இருக்கும்போது சூடு காட்டுவது தற்கொலை.

எல்லாவற்றையும் பழையபடியே வைக்க வேண்டும் என்பாரோடும் எனக்கு உடன்பாடில்லை. 1930-க்கு முன் வந்த ஃபோர்டு மாடல் ஏ-யின் தக்கை மிதவைக்கு அரக்கு பூசியிருந்தார்கள். எத்தனால் அந்த அரக்கைக் கரைத்துவிடும். இந்தியாவில் இன்று பெட்ரோலோடு 20 சதவீதம் எத்தனால் கலக்கும்போது தக்கைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பது வீம்பு. ஸ்டெபிலைசருக்கும் இதே நியாயம்தான். பழைய தகரப் பெட்டியைத் திறந்து, உள்ளே கருகிப்போன தொடுமுனைகளை எடுத்துவிட்டு, 10 வோல்ட் தரும் சிறு மின்னணு ரெகுலேட்டரை வைத்து மூடிவிடுகிறார்கள். முள் அப்போதும் அதே நிதானத்தில்தான் ஏறும், ஏனென்றால் அந்த நிதானம் மீட்டரின் பட்டையில் இருக்கிறது, பெட்டியில் இல்லை.