பெட்டரிக் கடையிலிருந்து பவர் ஷட்டர் வரை

பெரகல சந்தியில் பனி இறங்கிவிட்டால் கார் ஓட்டுகிறவர் கை முதலில் கதவுக் கண்ணாடி ஷட்டருக்குத்தான் போகும். முன்கண்ணாடி உள்ளே வேர்த்துப் போகும், முன்னால் ஒன்றும் தெரியாது. தலையை வெளியே நீட்டி ரோட்டோரத்தைப் பார்த்துத்தான் வளைவைத் திருப்ப வேண்டும். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை, ஹல்துமுல்லை வழியாக ஏறிவரும் ரோடு இங்கேதான் பிரிகிறது. ஒன்று ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம். மற்றது கொஸ்லந்தை வழியாக வெல்லவாய. வெல்லவாய வெயிலில் கண்ணாடியை இறக்கிக்கொண்டு புறப்பட்டவர், இங்கே ஏறி வந்ததும் குளிர் தாங்காமல் ஏற்றுவார். வலது கை ஹேண்டிலைச் சுற்ற, இடது கை கியருக்கும் ஸ்டியரிங்குக்கும் ஓடும். அந்த வளைவுகளில் அது எவ்வளவு ஆபத்து என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும். அதனால் இந்த மலையில், சுவிட்சை அழுத்தினால் ஏறி இறங்கும் பவர் ஷட்டரை நான் ஆடம்பரமாக எண்ணியதே இல்லை.

அமெரிக்காவில் 1940இலேயே பெக்கார்ட் 180 காரில் ஹைட்ரோலிக் முறையில் ஏறி இறங்கும் கண்ணாடி வந்துவிட்டது. முழுக்க மின்சாரத்தில் ஓடுவது 1951இல் கிரைஸ்லர் இம்பீரியலில் வந்தது. எங்கள் மலையில் அப்போது தேயிலைத் தோட்டத் தொரைமார் கார்களிலும் ஹேண்டில்தான். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதியும் நின்றுபோனது. ஓடிக்கொண்டிருந்த மோரிஸ் மைனரையும் ஆஸ்டினையும் சாகவிடாமல் பார்த்துக்கொண்டவர்கள் கராஜ் பாஸ்மார். ஆர்மேச்சரைக் கையால் சுற்றினார்கள், தேய்ந்த கார்பனுக்குப் பதில் வேறொன்றை அரத்தால் ராவிப் போட்டார்கள். 1977இல் பொருளாதாரம் திறந்த பிறகுதான் ஜப்பான் வண்டிகள் மலையேறின.

ஆனால் எங்கள் தோட்ட லயத்துப் பையன்கள் இந்தத் தொழிலுக்கு வந்தது கார் வழியாக இல்லை, டெலிவிஷன் வழியாக. 1979இல் ஐ.டி.என்., 1982இல் ரூபவாஹினி. ஃபெக்டரியில் இரவெல்லாம் லைட் எரியும், லயத்தில் மண்ணெண்ணெய் விளக்குதான். காசு சேர்த்துக் கறுப்பு வெள்ளை டெலிவிஷன் வாங்கியவர்கள் 12 வோல்ட் கார் பெட்டரியில் அதை ஓட்டினார்கள். சார்ஜ் இறங்கினால் படம் முதலில் சுருங்கும், பிறகு சத்தம் கரகரக்கும். அப்புறம் பெட்டரியைச் சாக்கில் கட்டி, சார்ஜ் ஏற்ற டவுன் பெட்டரிக் கடைக்குத் தூக்க வேண்டும். அப்படித் தூக்கிப் போன பையன்களில் நானும் ஒருவன். ஆசிட் பட்டு ஓட்டை விழாத சட்டை எங்களில் யாருக்கும் இருக்கவில்லை.

பெட்டரி சார்ஜ் ஏறும்வரை கடையிலேயே நிற்போம். அந்தக் கடை பாஸ் ஒரு சிங்களவர். "தம்பி, இந்த வயரைப் பிடி" என்பார், பிடிப்போம். டெஸ்ட் பல்ப் எங்கே எரிகிறது, எங்கே எரியவில்லை, ஏன் என்று கேட்பார். எங்களுக்கு அதுதான் கல்லூரி. மேற்கு ஜேர்மனியின் உதவியோடு இலங்கை–ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனம் 1959 முதல் இருந்தது. தோட்டப் பள்ளிக்கூடங்களிலோ பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரஜாவுரிமை இல்லாமல் போன சனம் நாங்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி பாதிக் குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த காலத்தில், மொறட்டுவையில் இருந்த அந்த நிறுவனத்துக்குப் போய்ப் படிப்பதை யார் நினைத்தார்கள்? 1983 யூலையில் பதுளை டவுனில் தமிழர் கடைகள் எரிந்தன. அதற்குப் பிறகும் அந்த பாஸ் எங்களைத் தன் கடையில் வைத்துக்கொண்டார். அவரை நான் மறக்க மாட்டேன்.

தொண்ணூறுகளில் ஜப்பான் ரீகண்டிஷன் கார்கள் பவர் ஷட்டரோடு வந்து இறங்கின. அதைப் பார்த்த பழைய வண்டிக்காரர்கள் தங்கள் காருக்கும் கேட்க ஆரம்பித்தார்கள். கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போனால் கழற்றிய டோர் மோட்டார்கள் குவியலாகக் கிடக்கும். பெட்டரியில் தொட்டுப் பார்த்துத்தான் வாங்குவோம். பின்னால் பெட்டியில் வரும் செட்கள் வந்தன. ஹேண்டில் மாட்டும் முளையிலேயே பூட்டி, உள்ளே இருக்கும் ரெகுலேட்டரை மாற்றாமல் சுற்றும் வகை அது. மாருதி 800க்கு நிறையப் பூட்டியிருக்கிறேன்.

வேலையின் சூட்சுமம் சுவிட்சில் இருக்கிறது. மோட்டாருக்கு இரண்டு வயர். சும்மா இருக்கும்போது இரண்டும் எர்த்தில் நிற்கும். மேலே அழுத்தினால் ஒன்றுக்கு பிளஸ் போகும். கீழே அழுத்தினால் மற்றதற்கு. திசை மாறுகிறது, கண்ணாடி இறங்குகிறது. மோரிஸ் மைனரில் பொடிதான் பிளஸ், எர்த்தே தலைகீழ். வெறும் மோட்டார், சுவிட்ச் என்றால் அதிலும் ஓடும், ஏற்றமும் இறக்கமும் மட்டும் இடம் மாறும். வயரை மாற்றிப் போட்டால் சரி. தானாக ஏற்றும் எலெக்ட்ரோனிக் பெட்டி இருந்தால் கதை வேறு, கரண்ட் கொடுத்த நிமிடமே கருகிவிடும். அந்தக் காரின் டைனமோவும் தருவது 22 அம்பியர்தான், ஐட்லிங்கில் அதுவும் வராது. பனியில் ஹெட்லைட்டும் வைப்பரும் ஓடும்போது இரண்டு ஷட்டரையும் ஒன்றாக அழுத்தினால் லைட் மங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். அதனால் பெட்டரியிலிருந்து தனியாகத் தடித்த வயர், பெட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ், நடுவில் ரிலே. செட்டோடு வரும் மெல்லிய வயரை நம்பி நான் வண்டி கொடுத்ததில்லை.

இந்த மலையில் அதைவிடப் பெரிய எதிரி தண்ணீர். கதவுக்கும் பொடிக்கும் நடுவே வயர் போகிற இடத்தில் ரப்பர் உறை போட வேண்டும். இல்லாவிட்டால் கதவைத் திறந்து மூடி மூடியே செம்பு உள்ளே அறுந்துவிடும். உறைக்குள் நுழையுமுன் வயரைக் கொஞ்சம் தொங்கவிட்டு வளைத்து ஏற்ற வேண்டும். அப்போதுதான் வழிந்து வரும் தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிப் போகும், இணைப்புக்குள் ஏறாது. டோர் பேடுக்குப் பின்னால் இருக்கும் பொலித்தீன் தாளை அவசரக்காரர்கள் கிழித்து எறிந்துவிடுகிறார்கள். ஒரு மழைக்காலம் போனால் ஹார்ட்போர்ட் ஊதி, கிளிப் கழன்று நிற்கும். அந்தத் தாளைத் திருப்பி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தாலே முன்னால் கை வைத்தவர் யாரிடம் தொழில் பழகினார் என்று சொல்லிவிடுவேன்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் முப்பது வருஷத்து வண்டிகள் எல்லாம் எங்கள் கடைகளுக்குத் திரும்பி வந்தன. அறுபதுகளில் பாஸ்மார் செய்ததையே நாங்களும் செய்தோம்.

இப்போது வரும் கார்களில் ஷட்டர் சுவிட்ச் நேராக மோட்டாருக்குக் கரண்ட் கொடுப்பதில்லை, கதவிலுள்ள மொடியூலுக்குச் செய்தி அனுப்புகிறது. டெஸ்ட் பல்பை அங்கே வைக்கக் கூடாது, ஸ்கேனர் வேண்டும். என்னிடம் தொழில் பழகும் பையனும் லயத்துப் பிள்ளைதான், ஓ.எல். வரை படித்தவன். கராஜில் பழகிய வேலையைச் சோதித்தே என்விக்யூ தொழில் தகைமைச் சான்றிதழ் கொடுக்கும் முறை இப்போது இருக்கிறது. அதற்கு விண்ணப்பப் படிவம் வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். பரீட்சைக்கு அவன் காட்ட வேண்டிய வேலைகளை இருவரும் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறோம்.