அயர்லாந்தின் எல்லைக்கோடும் அயர்லாந்தர் என்னும் அடையாளமும்

ஒரு நாட்டினை இரண்டாகப் பிரிக்கும் எல்லைக்கோடு, அந்நாட்டு மக்களையும் இரு வேறு மக்களாக ஆக்கிவிடுமா என்பது வரலாற்று மாணவரின் கவனத்துக்குரிய வினாவாகும். இவ்வினாவுக்கு அயர்லாந்தின் அண்மைக்கால வரலாறு எளிதில் விடை தருவதில்லை. அயர்லாந்துத் தேசியவாதிகள், இயற்கையால் ஒன்றாக அமைந்த தீவினையும் அதில் வாழும் ஒரே மக்களையும் பிரித்தானிய அரசு செயற்கையாகக் கூறுபோட்டது என்பர். பிரித்தானியாவுடன் இணைந்திருக்க விரும்பிய ஒன்றியவாதிகளோ, முன்னரே அங்கு வாழ்ந்த இருவேறு மக்களை அக்கோடு வேறுபடுத்திக் காட்டியதேயன்றிப் புதிதாகப் பிரிக்கவில்லை என்பர். இவ்விரு கூற்றுக்களிலும் ஓரளவு உண்மையுண்டு; ஆயினும் இரண்டும் முழுமையானவையல்ல. கோடு கீறப்பட்டபோது அது மக்களின் அடையாளங்களோடு பொருந்தி அமையவில்லை. அதன்பின் வந்த பல தசாப்தங்களில், கோட்டின் இருபுறத்தும் மக்கள் பெற்ற வேறுபட்ட அனுபவங்களே வேறுபட்ட அடையாளங்களைப் பெரிதும் உருவாக்கின. இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிரிவினைக்கு முன்

1609ஆம் ஆண்டு தொடங்கிய அல்ஸ்ரர் குடியேற்றத் திட்டத்தின் மூலம் ஸ்கொத்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் புரட்டஸ்தாந்த மக்கள் வட மாகாணமான அல்ஸ்ரரிற் குடியேற்றப்பட்டனர். நிலத்தை இழந்த கத்தோலிக்கருக்கும் நிலத்தைப் பெற்ற குடியேறிகளுக்குமிடையே தோன்றிய பகைமை, பிற்கால அரசியலின் அடித்தளமாயிற்று. எனினும் 'அயர்லாந்தர்' என்ற பெயர் கத்தோலிக்கருக்கு மட்டும் உரியதாக அன்று கருதப்படவில்லை. 1791ஆம் ஆண்டு பெல்பாஸ்ற் நகரில் தோன்றிய ஐக்கிய அயர்லாந்தர் சங்கத்தினைத் தொடக்கியோருட் பெரும்பாலார் பிரெஸ்பிற்றீரியர். 1893இல் ஐரிஷ் மொழியின் மறுமலர்ச்சிக்கெனக் கேலிக் கழகம் தோன்றியபோது அதன் முதல் தலைவராக விளங்கிய டக்ளஸ் ஹைட் ஒரு புரட்டஸ்தாந்தர். அவரே 1938இல் தென் அயர்லாந்தின் முதலாவது சனாதிபதியுமானார். அயர்லாந்துக்குத் தன்னாட்சி வழங்குவதைத் தீவிரமாக எதிர்த்த ஒன்றியவாதத் தலைவர் எட்வேட் கார்சன் டப்ளினிற் பிறந்தவர். அயர்லாந்து முழுவதையும் பிரித்தானிய ஒன்றியத்தினுள் வைத்திருப்பதே அவரது நோக்கமாயிருந்தது, நாட்டைத் துண்டாடுவதன்று.

கோடு விழுந்த விதம்

1920ஆம் ஆண்டின் அயர்லாந்து அரசாங்கச் சட்டம் 1921 மே 3ஆந் திகதி நடைமுறைக்கு வந்தபோது வட அயர்லாந்து தோன்றியது. அல்ஸ்ரர் மாகாணத்தின் 9 மாவட்டங்களுள் அன்ரிரிம், ஆர்மா, டவுண், பெர்மனா, லண்டன்டெரி, ரைரோன் ஆகிய 6 மாவட்டங்களே அதனுட் சேர்க்கப்பட்டன. டொனிகோல், கவன், மொனகன் என்னும் 3 மாவட்டங்கள் தெற்குடன் விடப்பட்டன. 9 மாவட்டங்களையும் சேர்த்திருப்பின் ஒன்றியவாதிகளின் பெரும்பான்மை மிகச் சொற்பமாகவே இருந்திருக்கும். 6 மாவட்டங்களில் அது உறுதியாயிருந்தது. கோட்டின் இடத்தை நிர்ணயித்தது இக்கணக்கேயாகும்.

இக்கணக்கின் விளைவுகள் இருபுறத்தும் கொடுமையானவை. 1912 செப்ரெம்பர் 28ஆந் திகதி தன்னாட்சிக்கு எதிரான உடன்படிக்கையிலும் அதனையொத்த பெண்களின் பிரகடனத்திலும் ஏறக்குறைய 470,000 பேர் ஒப்பமிட்டனர். கவன், மொனகன், டொனிகோல் மாவட்டங்களின் ஒன்றியவாதிகளும் அவர்களோடு நின்றனர். எட்டு ஆண்டுகளின் பின், தம் தோழர்களாலேயே அவர்கள் கைவிடப்பட்டனர். மறுபுறத்தில், கத்தோலிக்கர் பெரும்பான்மையினராக வாழ்ந்த பெர்மனாவும் ரைரோனும் வடக்கினுள் அடக்கப்பட்டன. டெரி நகரம் தன் இயல்பான பின்னிலமாகிய டொனிகோலிலிருந்து வெட்டப்பட்டது. 1923 ஏப்பிரல் 1ஆந் திகதி தொடக்கம் சுங்கச் சாவடிகளும் தோன்றின. கோட்டைத் திருத்துவதற்கென அமைக்கப்பட்ட எல்லை ஆணைக்குழுவின் முடிவுகள் 1925 நவம்பரிற் பத்திரிகையிற் கசிந்தமையால், மூன்று அரசாங்கங்களும் டிசெம்பர் 3ஆந் திகதி உடன்பாடு செய்து கோட்டினை இருந்தபடியே விட்டன. ஆணைக்குழுவின் அறிக்கை 1969 வரை வெளியிடப்படவேயில்லை. இவ்வாறு, தற்காலிகமெனப் பலர் நம்பிய கோடு நிலைபெறலாயிற்று.

வேறுபட்ட இரு பாதைகள்

தெற்கில் ஐரிஷ் மொழி பாடசாலைகளிற் கட்டாய பாடமாயிற்று. 1937ஆம் ஆண்டின் அரசியல் யாப்பு தீவு முழுவதற்கும் உரிமை கோரியது. அதே யாப்பு கத்தோலிக்கத் திருச்சபைக்குச் சிறப்பான நிலையினையும் வழங்கியது. ஒரு கையால் வடபுலத்துப் புரட்டஸ்தாந்தரை அழைத்து மறு கையால் அவர்களைத் தள்ளிய முரண்பாடு இது. அவ்வாசகம் 1972ஆம் ஆண்டின் சர்வசன வாக்கெடுப்பின் பின்னரே நீக்கப்பட்டது. வடக்கிலோ அரசாங்கம் ஏறக்குறைய 50 ஆண்டுகள் ஒரே கட்சியின் கையில் இருந்தது. வேலைவாய்ப்பிலும் வீடமைப்பிலும் உள்ளூராட்சித் தேர்தல்களிலும் கத்தோலிக்கர் பாரபட்சத்துக்குள்ளாயினர்.

இரண்டாம் உலகப் போர் இவ்வேறுபாட்டினை மேலும் ஆழமாக்கியது. தெற்கு நடுநிலை வகித்தது. வடக்கு போரில் ஈடுபட்டது. ஆயினும் 1941 ஏப்பிரலில் ஜேர்மன் விமானங்களின் குண்டுவீச்சால் பெல்பாஸ்ற் எரிந்தபோது, நடுநிலை நாட்டின் தலைவரான டி வலெரா, டப்ளினிலிருந்தும் எல்லைக்குத் தெற்கேயுள்ள பிற நகரங்களிலிருந்தும் தீயணைப்புப் படையினரை அனுப்பிவைத்தமை ஈண்டு நினைவுகூரத்தக்கது. போருக்குப் பின்னர் பிரித்தானியப் பொதுநல அரசின் இலவச மருத்துவ சேவை 1948இல் வடக்கிலும் நடைமுறைக்கு வந்தது. தெற்கில் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் இலவச மருத்துவம் வழங்கும் திட்டத்தைக்கூடத் திருச்சபையும் மருத்துவரும் எதிர்த்தமையால் 1951இல் சுகாதார அமைச்சர் நோயல் பிறவுண் பதவி துறக்க நேர்ந்தது. ஒரே திருச்சபையைச் சேர்ந்த இரு தாய்மார், சில மைல் இடைவெளியில், வெவ்வேறு நாட்டின் பிரசைகளாக வாழலாயினர்.

பிளவுபடாத நிறுவனங்கள்

அரசு பிளவுபட்டபோதும் பிளவுபடாதிருந்தவை பல. கத்தோலிக்கத் திருச்சபையும் அங்கிலிக்க மரபுடைய அயர்லாந்துத் திருச்சபையும் தீவு முழுவதற்குமான தலைமைப் பேராயர் பீடத்தினை வடக்கிலுள்ள ஆர்மா நகரிலேயே தொடர்ந்து வைத்திருந்தன. அங்கே இரு பேராலயங்கள் உள்ளன. இரண்டும் புனித பத்திரிக்குவின் பெயராலேயே அமைந்துள்ளன. பிரெஸ்பிற்றீரியத் திருச்சபையும் எல்லையைக் கடந்ததே. டொனிகோலின் றொஸ்நோலா கடற்கரையில் ஒறேஞ் சங்கத்தினரின் அணிவகுப்பு ஆண்டுதோறும் நடைபெறுவது, தெற்கில் விடப்பட்ட மக்களின் நினைவு முற்றாக அழிந்துவிடவில்லை என்பதைக் காட்டும்.

விளையாட்டுத்துறை இதனை இன்னும் தெளிவாக விளக்கும். 1884இல் தோன்றிய கேலிக் விளையாட்டுச் சங்கத்துக்கு அல்ஸ்ரர் என்பது இன்றும் 9 மாவட்டங்களே. 1960இல் வடக்கின் டவுண் மாவட்ட அணி அகில அயர்லாந்து உதைபந்தாட்டக் கிண்ணத்தினை முதன்முறையாக எல்லைக்கு அப்பால் எடுத்துச் சென்றது. எனினும் இச்சங்கம் பெரிதும் தேசியவாதிகளின் சங்கமே. வடபுலப் பொலிசாரும் பிரித்தானியப் படையினரும் அதிற் சேர்வதைத் தடுத்த விதி 2001 வரை நீடித்தது. றகர் விளையாட்டிலோ ஒன்றியவாதிகளும் தேசியவாதிகளும் ஒரே அயர்லாந்து அணியில் ஆடினர். ஆயினும் எந்தத் தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்பது என்பதே சிக்கலாயிற்று. 1995இல் இருதரப்பாரும் பாடக்கூடிய பொதுப்பாடல் ஒன்று இதற்கெனவே இயற்றுவிக்கப்பட்டது. உதைபந்தாட்டச் சங்கமோ 1921இலேயே பிளந்தது. பெல்பாஸ்ற், டப்ளின் சங்கங்கள் இரண்டும் நெடுங்காலம் 'அயர்லாந்து' என்ற பெயரையே தமக்குரியதாகக் கொண்டு தீவு முழுவதிலுமிருந்து வீரர்களைத் தெரிவுசெய்தன. 1972இல் வடபுல லீக்கிலிருந்து விலகிய டெரி நகரக் கழகம் 1985இல் தென்புல லீக்கிற் சேர்ந்தது. நகரம் வடக்கில்; கழகம் தெற்கில்!

இவற்றால் அறியப்படுவது யாது? பொதுவான நிறுவனம் இருப்பதனால் மட்டும் பொதுவான உணர்வு தோன்றிவிடுவதில்லை. எனினும் அத்தகைய நிறுவனம் இருக்கும்போது, வேறுபட்டவர்கள் தம் வேறுபாட்டினை ஒரே கூரையின் கீழ் வைத்துப் பேச நிர்ப்பந்திக்கப்படுகின்றனர். அது இல்லாதபோது பேச்சும் இல்லாதொழிகின்றது.

வன்செயலும் பெயரும்

1968இல் றிச்சட் றோஸ் என்னும் அறிஞர் வட அயர்லாந்தில் நடத்திய ஆய்வில், தம்மை அயர்லாந்தர் என்று கூறிய புரட்டஸ்தாந்தர் நூற்றுக்கு 20 வீதத்தினர். பத்து ஆண்டுகளின் பின் 1978இல் நடைபெற்ற மற்றோர் ஆய்வில் அது 8 வீதமாகக் குறைந்தது. பிரித்தானியர் என்றோர் 39 வீதத்திலிருந்து 67 வீதமாக உயர்ந்தனர். இடைப்பட்ட பத்தாண்டில் எல்லைக்கோடு ஓரங்குலமும் நகரவில்லை. நகர்ந்தது மக்களின் மனமே. அயர்லாந்தின் பெயரால் குண்டுகள் வெடித்தபோது அப்பெயரை முன்னர் ஏற்றிருந்தவர்களிற் பலர் அதனைக் கைவிட்டனர். ஏறக்குறைய 3,500 உயிர்களைப் பலிகொண்ட முப்பதாண்டு வன்செயலின் இழப்புக்களுள் இதுவும் ஒன்றாகும்.

தேசியவாதிகளிடையேயும் இடைவெளி தோன்றியது. 1972 சனவரி 30ஆந் திகதி டெரியில் ஊர்வலத்தினர் 13 பேரைப் பிரித்தானியப் படையினர் சுட்டுக் கொன்றபோது தெற்கு கொதித்தெழுந்தது. டப்ளினிலிருந்த பிரித்தானியத் தூதரகம் எரிக்கப்பட்டது. 1974 மே 17ஆந் திகதி டப்ளினிலும் மொனகனிலும் குண்டுகள் வெடித்து 33 பேர் மாண்டனர். அதன்பின் வடக்கின் துன்பம் தம்மையும் தொற்றிவிடுமோ என்ற அச்சம் தெற்கிற் பலரைப் பற்றிக்கொண்டது. தாம் கைவிடப்பட்டோம் என்று வடபுலத் தேசியவாதிகளும், தம்மை அவர்கள் வீண்பழியிற் சிக்கவைக்கின்றனர் என்று தென்புலத்தாரும் குறைகூறினர். பெல்பாஸ்ற்றிற் பிறந்த மேரி மக்கலீஸ் 1997இல் தெற்கின் சனாதிபதியாகத் தெரிவுசெய்யப்பட்டார். ஆனால் வடக்கில் வசித்த அயர்லாந்துப் பிரசைகளுக்கு அத்தேர்தலில் வாக்குரிமை இருக்கவில்லை. ஒரே பெயரைத் தாங்கியோரிடையேயும் எல்லை இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இவ்வடையாளச் சிக்கல் இலக்கியத்திலும் பிரதிபலித்தது. வடக்கிற் பிறந்த கவிஞர் ஷேமஸ் ஹீனி, 1982இல் வெளிவந்த சமகாலப் பிரித்தானியக் கவிதைத் தொகுப்பொன்றிற் தம்மைச் சேர்த்தமையை மறுத்து, அடுத்த ஆண்டிற் பகிரங்கக் கடிதமொன்றைச் செய்யுளாகவே எழுதினார். பெல்பாஸ்ற் கவிஞரான ஜோன் ஹியூவிற், தாம் அல்ஸ்ரர்காரர், அயர்லாந்தர், பிரித்தானியர், ஐரோப்பியர் ஆகிய நால்வகையினரும் என்றும், இவற்றுள் ஒன்றை விலக்கினும் தம் நிலை திரிபடையும் என்றும் கருதினார். ஒருவர் ஒரு பெயரை மறுத்துத் தம்மை நிலைநாட்டினார். மற்றவர் எதனையும் மறாது நிலைநாட்டினார். இருவரும் ஒரே மண்ணின் புதல்வரே.

1998இன் உடன்படிக்கையும் அதன் பின்னரும்

1998 ஏப்பிரல் 10ஆந் திகதி பெல்பாஸ்ற்றில் ஏற்பட்ட உடன்படிக்கையின் சிறப்பு, கோட்டினை அழித்ததிலோ நிரந்தரமாக்கியதிலோ இல்லை. வட அயர்லாந்தில் பிறந்தோர் தம்மை அயர்லாந்தராகவோ, பிரித்தானியராகவோ, இருவருமாகவோ கருதும் உரிமையுடையர் என்று அது ஏற்றுக்கொண்டது. மே 22ஆந் திகதி நடைபெற்ற வாக்கெடுப்புக்களில் வடக்கில் 71 வீதத்தினரும் தெற்கில் 94 வீதத்தினரும் இதனை ஆதரித்தனர். நிலத்துக்கு உரிமை கோரிய தென்புல யாப்பின் வாசகம் 1999இல் மாற்றப்பட்டு, அத்தீவிற் பிறந்த ஒவ்வொருவரும் அயர்லாந்து மக்களினத்தின் அங்கத்தவராகும் உரிமை அவ்விடத்திற் பொறிக்கப்பட்டது. நிலத்தின் மீதான கோரிக்கை, மனிதருக்குரிய உரிமையாக மாறிற்று.

சிக்கல் இத்துடன் தீர்ந்துவிட்டது எனக் கொள்ளலாகாது. 2021ஆம் ஆண்டின் வட அயர்லாந்துக் குடிசன மதிப்பீட்டில், பிரித்தானியர் மட்டுமே என்றோர் 31.9 வீதம், அயர்லாந்தர் மட்டுமே என்றோர் 29.1 வீதம், வட அயர்லாந்தர் மட்டுமே என்றோர் 19.8 வீதம். எந்த ஒரு பெயரும் பெரும்பான்மை பெறவில்லை. கோடு பெற்றெடுத்த பெயரொன்றை ஏறக்குறைய ஐவரில் ஒருவர் தம் பெயராகக் கொண்டுள்ளமை ஆழ்ந்து நோக்கற்பாலது. 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகுவதெனப் பிரித்தானியா தீர்மானித்தபோது வட அயர்லாந்தில் 55.8 வீதத்தினர் அதற்கு எதிராக வாக்களித்திருந்தனர். மறக்கப்பட்டுவந்த எல்லை, அதனால் மீண்டும் அனைவரதும் பேச்சிற் புகுந்தது.

தொகுத்து நோக்குமிடத்து, அயர்லாந்தின் எல்லைக்கோடு இரு மக்களை வேறுபடுத்தவுமில்லை. ஒரு மக்களை முற்றாகப் பிளக்கவுமில்லை. பொதுமையும் வேறுபாடும் ஒரே மனிதனின் உள்ளத்தில் ஒருங்கே வாழும் நிலையினை அது தோற்றுவித்தது. அந்நிலையினைக் குற்றமெனக் கருதி, ஒவ்வொருவரும் ஒரே பெயரைத் தெரிந்தெடுக்க வேண்டுமென வற்புறுத்திய காலமெல்லாம் இரத்தம் சிந்தப்பட்டது. 'இருவருமாக' என்ற ஒரு சொல்லைச் சட்டம் ஏற்றுக்கொள்ள 77 ஆண்டுகள் சென்றன. அச்சொல்லின் விலை என்ன என்பதை அத்தீவின் கல்லறைகளே கூறும்.