விரியும் நீரும் உயரும் கடலும்

விளிம்புவரை நீர் நிறைத்த பானையை அடுப்பிலேற்றினால், கொதிநிலை வருமுன்னரே நீர் வழியத் தொடங்கும். வெப்பத்தால் நீரின் கனவளவு பெருகுவதே அதற்குக் காரணம். எளிதாகத் தோன்றும் இவ்வுண்மையை அறிஞர் தெளிந்துகொண்ட வரலாறு நீண்டது.

17ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் புளோரன்சு நகரிலே இயங்கிய சிமெந்தோ கழகத்தார், நீண்ட கழுத்துடைய கண்ணாடிக் குடுவையில் நீரைக் குளிரச் செய்தனர். நீர்மட்டம் முதலிலே தாழ்ந்தது; பின்னர், உறையுமுன்பே மீண்டும் உயர்ந்தது. 1667இல் வெளிவந்த அவர்களுடைய நூல் இதனைக் கூறிற்று. கண்ணாடி சுருங்கியதன் விளைவே இஃது என்று ஐயுற்றோரும் இருந்தனர்.

1805இல் எடின்பரோப் பேராசிரியர் தோமசு சாள்சு ஹோப் தமது சோதனையை வெளியிட்டு அவ்வையத்தை நீக்கினார். உயர்ந்த கலமொன்றின் மேற்புறத்திலும் அடியிலும் வெப்பமானிகளை வைத்து, நடுப்பகுதியைப் பனிக்கட்டியும் உப்பும் கொண்டு அவர் குளிர்வித்தார். அடிநீரின் வெப்பநிலை ஏறத்தாழ 4 பாகை செல்சியசில் நின்றுவிட்டது. அதனினும் குளிர்ந்த நீர் மேலே சென்றது. ஆகவே, நன்னீர் அந்நிலையிலேயே மிகுந்த அடர்த்தியுடையது என்பது தெளிவாயிற்று.

கடல்நீரின் இயல்போ வேறு. உப்பு மிகுதியால் அஃது உறையும் நிலைவரை சுருங்கிக்கொண்டே போகும். எனவே எவ்விடத்தில் வெப்பம் ஏறினும் கடல்நீர் விரியும். கரையும் அடித்தளமும் இடங்கொடாமையால், அவ்விரிவு பெரும்பாலும் மேல்நோக்கியே செல்லும்.

1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சலெஞ்சர் என்னும் பிரித்தானியக் கப்பலில் இருந்தோர், ஆழ்கடலின் வெப்பநிலையைப் பல இடங்களில் அளந்தனர். அவ்வளவுகளை ஆர்கோ மிதவைகள் தந்த அளவுகளோடு 2012இல் விஞ்ஞானிகள் ஒப்பிட்டனர். கடலின் மேல் 700 மீற்றர் சராசரியாக 0.33 பாகை வெப்பமேறியிருந்தமை புலனாயிற்று.

மூன்றில் ஒரு பாகை அற்பமெனத் தோன்றலாம். ஆயினும் 700 மீற்றர் ஆழமான நீர் ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர் உயர அதுவே போதும். 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் 20 சென்ரிமீற்றர் அளவில் உயர்ந்தது. 1971க்குப் பின் 2018 வரை நேர்ந்த உயர்வில் ஏறக்குறையப் பாதி, வெப்ப விரிவினால் வந்தது. பனிக்கட்டி உருகியமை எஞ்சியதில் பெரும்பங்கிற்குக் காரணம்.

அடுப்பை அணைத்தால் பானை விரைவில் ஆறிவிடும். கடல் அவ்வாறு ஆறுவதில்லை. மேற்பரப்பிலே புகுந்த வெப்பம் ஆழத்திற்கு இறங்குவதற்கே நூற்றாண்டுகள் செல்லும். அதுவரை விரிவும் தொடரும். மாலைதீவு போன்ற தாழ்ந்த தீவுகளில் வாழ்வோருக்கு, புளோரன்சுக் குடுவையிலே காணப்பட்ட சிறு அசைவு இன்று வீடும் கிணறும் பற்றிய கேள்வியாகியிருக்கிறது.