ஊதாப் பூவின் வரலாறு

கொல்லிமலையில் பதினான்கு நாடுகள் உண்டு. நாடு என்றதும் முடியும் கொடியும் உடைய அரசுகளை எண்ணிவிட வேண்டா. மலைவாழ் மக்கள் தம் சிற்றூர்த் தொகுதிகளுக்கு வழிவழியாக வழங்கிவரும் பெயர் அது. அவற்றுள் ஒன்றான தேவனூர் நாட்டுக்குச் சென்றிருந்தபோது, ஒரு வீட்டு முற்றத்தில் தண்ணீர்த்தொட்டி ஒன்றைக் கண்டேன். தொட்டி நிறையப் பசிய இலைகள். அவற்றின் நடுவே, மயிற்பீலியின் கண்போன்று மஞ்சட்பொட்டு வைத்த ஊதாப் பூங்கொத்துகள். தொட்டியில் நிரம்பி வழிந்த நீர் சிறு வாய்க்காலாகிக் கீழேயுள்ள நெல்வயலுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“சந்தைக்குப் போன பேரன் அடிவாரத்து ஏரியிலேருந்து கொண்டாந்தானுங்க. பாக்க நல்லா இருக்குதுங்களே” என்றார் வீட்டுப் பெரியவர்.

எனக்கோ நெஞ்சு திடுக்கிட்டது. அது வெங்காயத்தாமரை. ஆகாயத்தாமரை என்றும் அதனை அழைப்பர். அப்பெயர் உண்மையில் நம் குளங்களில் முன்பே இருந்த வேறொரு மிதவைச் செடிக்கு உரியது. வந்தேறி, குளத்தோடு பெயரையும் பறித்துக்கொண்டது போலும்!

இதன் பிறப்பிடம் தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப்படுகை. அங்கிருந்து இது தானாக நீந்தி வரவில்லை. பூவின் அழகில் மயங்கிய மனிதரே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோட்டந்தோறும் கொண்டு சென்றனர். அந்நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்தை அடைந்தது. பின்னர் நேர்ந்தது என்ன? ஆறுகளில் படகு செல்ல வழியில்லை; வெள்ளத்தோடு வயலுள் புகுந்து நெற்பயிரை அமுக்கிற்று. 1936ஆம் ஆண்டில் இச்செடியை ஒழிப்பதற்கென்றே வங்காளத்தில் ஒரு சட்டம் இயற்றினர். மறு ஆண்டுத் தேர்தலில் கட்சிகள் இதனை ஒழிப்பதாக மக்களுக்கு வாக்களித்தன என்றால் அதன் கொடுமையை நாம் உணரலாம். ஒரு களைக்கு இத்தகைய அரசியல் பெருமை வேறெங்கும் கிட்டியிராது!

இலங்கையில் விழிப்பு முன்னதாகவே பிறந்தது. செடி புகுந்த சில ஆண்டுகளிலேயே, 1909இல், அதனை வளர்ப்பதைத் தடுக்கும் சட்டம் வந்துவிட்டது. ஆயினும் இன்றும் அது அங்கே இருக்கிறது. ஒரு செடி பக்கத்தண்டு ஓட்டிக் குட்டி ஈன்று, இரண்டொரு வாரங்களில் இரண்டாகிவிடும். உதிர்ந்த விதையோ சேற்றடியில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, பின் முளைக்கும்.

அதே இலங்கையில் இன்னொரு பாடமும் உண்டு. சால்வீனியா என்னும் நீர்ப்பெரணியை 1939இல் கொழும்பில் தாவரவியல் கற்பிப்பதற்காகக் கொணர்ந்தனர். பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 22,000 ஏக்கர் நெல்வயலை அது மூடிவிட்டது. பாடஞ்சொல்ல வந்த செடி, மறக்கவொண்ணாத பாடத்தையே கற்பித்துச் சென்றது.

மருந்தில்லையா எனின், உண்டு. இச்செடிகளின் தாயகத்துக்கே உரிய, இவற்றை மட்டும் தின்னும் கூன்வண்டுகளை 1980களில் நம் நாட்டுக்குக் கொணர்ந்தனர். கேரளத்தில் சால்வீனியா அடங்கிற்று. வெங்காயத்தாமரையும் பெங்களூருக்கு அருகே சில ஏரிகளில் தாழ்ந்தது. ஆனால், சாக்கடை கலக்கும் நீரில் வண்டு தின்னும் விரைவினும் செடி வளரும் விரைவு மிகுதி. கோயம்புத்தூர்க் குளங்களைக் கண்டவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

இவற்றை எல்லாம் பெரியவரிடம் சொன்னேன். “ஒரு தொட்டியில என்னங்க வந்துடப் போவுது?” என்றார். அதற்கு வரலாற்று நூல் எதுவும் எனக்கு உதவவில்லை. என் குற்றத்தையே சொல்ல நேர்ந்தது. பத்து வயதில், ஆற்றோரத்தில் பறித்த ஒரே ஒரு செடியை எங்கள் ஊர்க் குளத்தில் மிதக்கவிட்டவன் நான். மூன்றாம் கோடையில் அக்குளத்தில் நீர் இருப்பதே தெரியவில்லை. மாடுகள் கரையில் நின்று இலையை முகர்ந்துவிட்டுத் திரும்பும். இட்டவன் நான்தான் என்று என் தந்தையாரிடம்கூடக் கடைசிவரை நான் கூறியதில்லை.

மலைக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. நீர் மேல்நோக்கி ஓடாது. கீழ் ஏரியின் செடி மலையேற வேண்டுமாயின் மனிதனுடைய கை வேண்டும். மேலே ஒருமுறை வேர்விட்டாலோ, கீழிறங்க யாருடைய துணையும் வேண்டா. ஆகாய கங்கையாய் வீழ்ந்து புளியஞ்சோலை வழியே செல்லும் ஐயாற்றைப் போல, இம்மலையின் ஓடை ஒவ்வொன்றும் கீழே எவரோ ஒருவரின் வயலை நாடிச் செல்வதுதான்.

பெரியவர் சற்று நேரம் வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேரனை அழைத்தார். செடிகளை ஒன்றுவிடாமல் அள்ளி, ஓடைக்கு எட்டாத பாறைமேல் பரப்பினர். தொட்டி நீரையும் வாய்க்காலில் விடாது மேட்டில் ஊற்றினர். பையன் முகம் வாடிப்போயிற்று. ஒரு பூவை மட்டும் கிள்ளித் தங்கையிடம் கொடுத்தான். மூன்றாம் நாள் நான் மலையிறங்குமுன் பாறையருகே சென்று பார்த்தேன். இலைகள் கருகிவிட்டன, பருத்த தண்டுகளில் மட்டும் இன்னும் ஈரம் இருந்தது.