குறைந்த எண்ணிக்கையா, குறைக்கப்பட்ட எண்ணிக்கையா?



இந்த நினைவுப் பேருரையில் சிகாகோ நகரப் பள்ளிக்கூடங்களைப் பற்றிப் பேசக் காரணம் உண்டு. 1972இல் பம்பாயில் தோன்றிய தலித் சிறுத்தைகள் தங்கள் பெயரை அமெரிக்கக் கறுப்பினச் சிறுத்தைகளிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். அந்த உறவு பெயரோடு நின்றுவிட வேண்டியதில்லை. "பிள்ளைகள் சேர்வதில்லை, அதனால் பள்ளியை மூடுகிறோம்" என்னும் பேச்சு நமக்கும் பழக்கமானதுதான். அங்கே அந்தப் பேச்சுக்குப் பின்னால் அரை நூற்றாண்டு வரலாறு இருக்கிறது.

சிகாகோவின் தென்பகுதியில் பிரான்ஸ்வில் என்பது கறுப்பின மக்களின் பழைய குடியிருப்பு. தென் மாநிலங்களின் நிறவெறியிலிருந்து தப்பி ரயிலேறி வந்தவர்கள் அங்கே குடியேறினார்கள். நகரின் மற்ற பகுதிகளில், கறுப்பினத்தவருக்கு வீடு விற்கக்கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிவைத்திருந்தார்கள். ஒரே இடத்தில் மக்கள் நெருங்கி வாழ்ந்ததால் பள்ளிகளும் நிரம்பி வழிந்தன. காலையில் ஒரு கூட்டம், பிற்பகலில் இன்னொரு கூட்டம் என்று பிள்ளைகளுக்கு அரைநாள் படிப்புதான் கிடைத்தது. அதே காலத்தில் வெள்ளையர் பகுதிப் பள்ளிகளில் இருக்கைகள் காலியாகக் கிடந்தன. பள்ளிகளின் கண்காணிப்பாளர் பெஞ்சமின் வில்லிஸ் அங்கே பிள்ளைகளை அனுப்பவில்லை. நெரிசலான பள்ளிகளின் திடலில் தற்காலிக அலுமினிய வகுப்பறைகளை நிறுத்தினார். மக்கள் அவற்றை 'வில்லிஸ் வண்டிகள்' என்றார்கள். 1963 அக்டோபர் 22 அன்று இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பள்ளிகளைப் புறக்கணித்தார்கள்.

வீட்டு வசதியின் கதையும் இதே கதைதான். நகர வீட்டு வசதி வாரியத்தின் முதல் கறுப்பினத் தலைவர் ராபர்ட் டெய்லர். இரு இனத்தாரும் கலந்து வாழும் இடங்களில் வீடு கட்ட நகரமன்றம் மறுத்தபோது, 1950இல் பதவியை விட்டு விலகினார். அவர் இறந்த பிறகு, கறுப்பினத்தவரை ஒரே வரிசையில் அடைத்த 28 கட்டிடங்களுக்கு அவர் பெயரையே சூட்டினார்கள். ஒவ்வொன்றும் 16 மாடி. பின்னர் அவற்றைச் சீர்கேட்டின் சின்னம் என்று சொல்லி, 2007க்குள் எல்லாவற்றையும் இடித்துத் தள்ளினார்கள். குடும்பங்கள் சிதறின. 2000க்கும் 2010க்கும் இடையில் மட்டும் நகரின் கறுப்பின மக்கள்தொகை 1,80,000 அளவுக்குக் குறைந்தது.

அதன் பிறகுதான் கணக்கெடுக்க வந்தார்கள். வகுப்பறைக்கு 30 பிள்ளைகள் என்று அளவுகோல் வைத்து, 2013இல் சுமார் 50 பள்ளிகளை மூட முடிவெடுத்தார்கள். நகரப் பள்ளி மாணவர்களில் கறுப்பினத்தவர் நூற்றுக்கு 40 பேர்தான். ஆனால் பள்ளியை இழந்த பிள்ளைகளில் ஏறத்தாழ 10க்கு 9 பேர் அவர்கள். பிள்ளைகள் நிறைந்திருந்த நாளில் தகர வகுப்பறை கொடுத்தவர்கள், பிள்ளைகள் குறைந்த நாளில் பூட்டைக் கொடுத்தார்கள்.

பிரான்ஸ்வில் பகுதியின் டயட் உயர்நிலைப் பள்ளியையும் படிப்படியாக மூடினார்கள். 2015இல் பெற்றோரும் ஆசிரியரும் ஊர்க்காரருமாக 12 பேர் 34 நாள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அவர்கள் கேட்ட பாடத்திட்டம் முழுமையாகக் கிடைக்கவில்லை. ஆனாலும் 2016இல் அந்தப் பள்ளி மீண்டும் திறந்தது.

சென்னையின் ஆற்றோரங்களிலிருந்து நம் மக்களை லாரியில் ஏற்றிக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் இறக்கினார்கள். பழைய இடத்துப் பள்ளியின் வருகைப் பதிவேட்டை யாராவது காட்டி, பிள்ளைகள் இல்லை என்று சொன்னால் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அந்தப் பிள்ளைகளை எங்கே கொண்டுபோய் விட்டீர்கள்?